கெர்னல் ஒரு வாசலில், மாட்யூல் மறு வாசலில்: ஒரு தோல் ஆலையின் நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி. பொங்கல் விடுமுறை முடிந்து இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலை ஒன்று மறுபடி ஓடத் தொடங்கிய காலையில், இரசாயனக் கிடங்கின் மின்னணுத் தராசுகளிலிருந்து கணினிக்கு எடை வரவில்லை. தராசின் முகப்பில் எண் சரியாக நின்றது. கணினித் திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளும் ஓடின. “சார், எடை வருகிறது. ஆனால் சீன மொழியில் வருகிறது” என்று கிடங்கைக் கவனிக்கும் பாய் தொலைபேசியில் சொன்னார். அந்த வாரம் முழுக்க எங்கள் காதில் விழுந்தவற்றில் உருப்படியான பிழை அறிக்கை அது ஒன்றுதான்.

டிரம்முக்குள் போகும் குரோம், உப்பு, அமிலம், சாயம் அத்தனையும் தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்ற கணக்கில்தான் போகும். கணக்குப் பிசகினால் ஒரு டிரம் சரக்கே வீண். ஆகவே கிடங்கில் பழைய நோட்டுப் புத்தகம் உடனே வெளியே வந்தது. எடையைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதினார்கள். ஆலை நிற்கவில்லை. ஆனால் எந்த டிரம்முக்கு எந்தச் சரக்கு எவ்வளவு போனது என்ற பதிவு கணினியில் இல்லாமல் போயிற்று. தோலை வாங்கும் காலணி நிறுவனங்கள் அந்தப் பதிவைக் கேட்பவை.

வேலூர் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட ஆலைகளின் லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் சிறு குழு நாங்கள். ஒரு காலத்தில் வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்த நிலம் 1989-இல் ஒரு முறையும் 2019-இல் ஒரு முறையும் பிரிந்தது. மேல்விசாரம் இன்று ஒரு மாவட்டத்தில், ஆம்பூரும் வாணியம்பாடியும் வேறொரு மாவட்டத்தில், எங்கள் அலுவலகம் இன்னொன்றில். தோல் தொழிலுக்கு இந்த எல்லைகள் பொருட்டல்ல. ஒரே மாதிரிக் கணினியும் ஒரே மாதிரி அட்டையும் பாலாற்றங்கரை நெடுக இருக்கின்றன. ஓரிடத்தில் பிழை வந்தால் அது எல்லா இடத்துக்கும் வரவிருக்கும் பிழை.

அமைப்பு இதுதான். ஒவ்வொரு ஆலையிலும் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு பதிப்பான உபுண்டு 22.04 ஓடும் தொழிலகக் கணினி ஒன்று. அதில், வெளிக் கருவிகளைக் கம்பி வழியாகக் கணினியோடு பேசவைக்கும், எட்டு போர்ட் கொண்ட பி.சி.ஐ. சீரியல் அட்டை. சில போர்ட்டுகளில் ஆர்.எஸ்.232 முறையில் தராசுகளும், தோலின் பரப்பைச் சதுர அடியில் அளக்கும் இயந்திரமும். சில ஆலைகளில், வேறு சில போர்ட்டுகளில் ஆர்.எஸ்.485 முறையில் கழிவுநீர்க் குழாயின் ஓட்டமானிகள். அட்டையைத் தயாரித்த நிறுவனம் லினக்ஸுக்கான டிரைவரை, அதாவது அட்டையை இயக்கும் நிரலை, மூலநிரலாக ஒரு சுருக்கக் கோப்பில் வைத்திருந்தது. இயங்குதளத்தின் கருவான கெர்னலோடு சேர்ந்து வராத, வெளியே தனியாக வளரும் மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் நிரல்துண்டு) அது. எங்களுக்கு முன் பராமரித்தவர்கள் அதை டி.கே.எம்.எஸ். வழியாக நிறுவியிருந்தார்கள். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அந்தக் கணினியிலேயே மாட்யூலை மறுபடி கம்பைல் செய்துகொள்ளும் (மூலநிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும்) கருவி அது. டெல் நிறுவனத்தார் 2000-களின் தொடக்கத்தில் தங்கள் சர்வர்களுக்காக எழுதியது.

எலி, யூ.பி.எஸ்., கேபிள்

விடுமுறைக்குப் பின் ஒன்று ஓடவில்லை என்றால் தோல் ஆலையில் முதல் குற்றவாளி எலி. கேபிள்களை உருவிப் பார்த்தார்கள். பிறகு யூ.பி.எஸ். மாற்றப்பட்டது. தராசு நிறுவனத்தின் ஆள் வந்து தராசை அளவுதிருத்தம் செய்துவிட்டு, “எங்கள் பக்கம் குறை இல்லை” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. எவரும் கணினியைச் சந்தேகிக்கவில்லை. அதை யாரும் தொடவே இல்லையே!

தொட்டது தானியங்கிப் புதுப்பிப்பு. உபுண்டு 22.04 வெளியானபோது அதன் கெர்னல் 5.15. ஆனால் மேசைக்கணினிப் பதிப்பை நிறுவினால், புதிய வன்பொருள்களுக்காக அவ்வப்போது முன்னேறும் கெர்னல் வரிசைதான் இயல்பாக வரும். அந்த வரிசை 5.15-இலிருந்து 5.19, 6.2, 6.5, 6.8 என்று நகர்ந்தது. 6.2-இலிருந்து 6.5-க்கு நகர்ந்தது 2024 ஜனவரியில். புதிய கெர்னல் வட்டில் வந்து உட்கார்ந்தாலும், கணினியை அணைத்துப் போடும்வரை ஓடுவது பழைய கெர்னல்தான். பொங்கலுக்கு ஆலையை மூடும்போது கணினியையும் அணைத்தார்கள். மறுபடி போட்டபோது எழுந்தது 6.5. நோய் புகுந்த நாளும் அறிகுறி தெரிந்த நாளும் வெவ்வேறாக இருந்ததால்தான் எலி மாட்டிக்கொண்டது.

புதிய கெர்னல் இறங்கிய அன்றே டி.கே.எம்.எஸ். கம்பைல் செய்ய முயன்று தோற்றிருந்தது. அதன் பதிவுக் கோப்பில் காரணம் அப்பட்டமாக இருந்தது: ஒரு செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) அளவுக்கு மிஞ்சிய அளவுருக்கள் (உள்ளீடுகள்) தரப்பட்டுள்ளன என்று கம்பைலர் சொல்லியிருந்தது. கெர்னலில் சாதன வகுப்பு ஒன்றை உருவாக்கும் ‘கிளாஸ்_கிரியேட்’ என்ற செயற்கூறு, 6.4-க்கு முன்பு வரை இரண்டு அளவுருக்களை வாங்கியது, 6.4-இல் முதலாவதை நீக்கிவிட்டார்கள். எவருக்கும் பயன்படாத அளவுரு அது, நீக்கியது நியாயம். கெர்னல் மூலத்துக்குள் இருக்கும் அத்தனை டிரைவர்களையும் நீக்கியவர்களே திருத்திவிட்டார்கள். வெளியே இருப்பவை அவரவர் பாடு.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. கெர்னலின் நிலைப்பாடு ஒளிவுமறைவற்றது. பயனர் நிரல்களுக்குத் தரும் இடைமுகத்தை உடைக்கமாட்டோம், உள்ளே மாட்யூல்களுக்கான இடைமுகத்துக்கு எந்த உறுதியும் தரமாட்டோம் என்பதைக் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய ஓர் ஆவணமாகவே மூலநிரலுடன் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டது. அட்டை விற்பவரும் வாங்குபவரும்தான் அதைப் படிப்பதில்லை.

பதிவுக் கோப்பில் பிழை கிடந்தது. ஆனால் மாட்யூல் தோற்றுவிட்டது என்பதற்காகக் கெர்னல் காத்திருக்கவில்லை. துவக்கப் பட்டியலில் முதலிடத்தில் ஏறிவிட்டது. இந்த நிகழ்வின் வேர் இதுதான். கெர்னல் ஒரு வாசலில் வந்தது, மாட்யூல் வேறொரு வாசலில் வரவேண்டியிருந்தது. ஒன்று வந்துவிட்டது, மற்றது வெளியே நின்றது. வாசலில் காவல் இல்லை.

எட்டு மடங்கு

மாட்யூல் ஏறவில்லை என்றால் போர்ட்டே இருக்கக்கூடாது. பிறகு ‘சீன மொழி’ எங்கிருந்து வந்தது?

ஆலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் ஒருவர் இருக்கிறார், சுறுசுறுப்பானவர். எடை மென்பொருள் ‘போர்ட் இல்லை’ என்றதும் கணினியில் தேடிப் பார்த்து, வேறு பெயரில் எட்டு போர்ட்டுகள் இருப்பதைக் கண்டு, மென்பொருளின் அமைப்பை அவற்றுக்கு மாற்றிவிட்டிருந்தார். அந்த எட்டையும் உருவாக்கியது கெர்னலுக்குள்ளேயே இருக்கும் பொதுவான சீரியல் டிரைவர். பெயர் தெரியாத அட்டையானாலும், சீரியல் வகை என்று அட்டை தன்னை அறிவித்துக்கொண்டால், அதன் முகவரிப் பகுதியின் நீளத்தை ஒரு போர்ட்டுக்கு 8 பைட் என்று வகுத்து, எத்தனை போர்ட் இருக்கும் என்று அந்த டிரைவர் ஊகித்துக்கொள்ளும். இங்கே 64 பைட்; எட்டு போர்ட். ஊகம் சரி. ஆனால் அடிப்படை வேகத்தை அது விநாடிக்கு 115200 பிட் என்றே எடுத்துக்கொள்ளும். அது, அட்டையின் கடிகாரத்தை ஓட்டும் படிகம் 1.8432 மெகாஹெர்ட்ஸ் என்றால் வரும் கணக்கு. இந்த அட்டையின் மேல் சாலிடர் செய்திருந்த வெள்ளிநிறப் படிகத்தில், உருப்பெருக்கியில் பார்த்தால், 14.7456 என்று பொறித்திருந்தது. வகுத்தால் சரியாக எட்டு.

மென்பொருள் 9600 கேட்டால் கம்பியில் 76800 ஓடியது. தராசு 9600-இல் அனுப்பியதை எட்டு மடங்கு வேகத்தில் படித்தால் கட்டங்கள்தான் வரும். சோதித்துப் பார்க்க மென்பொருளில் வேகத்தை 1200 என்று மாற்றினோம். எடை வந்தது: இருபத்தைந்து கிலோ மூட்டை, இருபத்தைந்து கிலோவாகவே. பாய் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். பொய்யான எண்ணைக் கொடுத்து மெய்யான எடையை வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கும்தான். ஆனாலும் அந்தத் தகவல் பின்னால் மிகவும் உதவியது, அதற்கு வருகிறேன்.

பழைய நாட்களில் அட்டை நிறுவனத்தின் துவக்க நிரல், அட்டையைப் பொது டிரைவரின் பிடியிலிருந்து விடுவித்துத் தன் மாட்யூலிடம் ஒப்படைத்துவந்தது. மாட்யூல் இல்லாததால் நிரல் முதல் வரியிலேயே வெளியேறிவிட்டது, அட்டை பொது டிரைவரிடமே தங்கிவிட்டது. முழுதாகச் செத்திருந்தால் அரை மணியில் காரணம் தெரிந்திருக்கும். அரைகுறையாக உயிரோடு இருந்ததால் யூ.பி.எஸ். மாற வேண்டியதாயிற்று.

அன்றைய அவசரத்துக்கு மருந்து எளிது. துவக்கப் பட்டியலில் பழைய 6.2 இன்னும் இருந்தது. அதில் எழுப்பி, அதையே நிலையாக்கிவிட்டு வந்தோம்.

நகலெடுத்த கோப்பு

அதற்குள் வேறொரு கிளையிலும் அதே கோளாறு. அங்கே பழைய கெர்னல் துப்புரவில் அழிக்கப்பட்டிருந்தது. அங்கிருந்தவர், ஓடும் கணினி ஒன்றிலிருந்து மாட்யூல் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டார். ‘மாட்யூலின் வடிவம் செல்லாது’ என்றது கணினி. கெர்னல் பதிவில் காரணம் ஒரே வரியில்: மாட்யூலின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை. மாட்யூல் 6.2.0-39-க்காகக் கட்டியது, ஓடியது 6.5.0-14.

ஒவ்வொரு மாட்யூல் கோப்புக்குள்ளும் அது எந்தக் கெர்னலுக்காகக் கம்பைல் செய்யப்பட்டது என்ற அடையாள வரி பொதிந்திருக்கும். அது போதாதென்று, மாட்யூல் பயன்படுத்தும் ஒவ்வொரு கெர்னல் செயற்கூறுக்கும், அதன் அளவுருக்களையும் தரவமைப்புகளையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். கெர்னலிடம் உள்ள எண்ணோடு அது பொருந்தவில்லை என்றால் கதவு திறக்காது. கட்டாயப்படுத்தி ஏற்றும் வழி ஒன்று கருவியில் உண்டு. ஆனால் அது இந்தச் சோதனைகளைத்தான் பொருட்படுத்தாமல் விடும். ஒரு தரவமைப்பின் நடுவே புதிய புலம் ஒன்று நுழைந்து மற்றவை எட்டு பைட் தள்ளிப் போயிருந்தால், மாட்யூல் தவறான இடத்தில் எழுதத்தான் செய்யும். எழுதுவது கெர்னலின் நினைவகத்தில். எடைக் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டோம்.

ஆக, மாட்யூலைக் கோப்பாக வினியோகிக்க முடியாது. குறிப்பிட்ட ஒரு கெர்னலோடு கட்டித்தான் கொடுக்க முடியும். அந்தக் கட்டை எங்கே போடுவது என்பதில்தான் லினக்ஸ் உலகம் பல வழிகளாகப் பிரிகிறது.

எங்கே கம்பைல் செய்வது

ரெட் ஹேட் தன் நிறுவனப் பதிப்புகளில், ஒரு பெரும்பதிப்பின் ஆயுள் முழுக்க மாறாது என்று உறுதி தரும் செயற்கூறுகளின் பட்டியலை வைத்திருக்கிறது. மாட்யூல் அந்தப் பட்டியலுக்குள் மட்டும் நின்றால், ஒரு முறை கம்பைல் செய்ததையே அடுத்தடுத்த கெர்னல்களுக்கும் இணைப்புக் கொடுத்து ஓட்டலாம். சூசேவிலும் இதே மனப்போக்குதான். ஃபெடோராவில் அந்த உறுதி இல்லை. ஏ-கேமாட் என்ற ஏற்பாடு மூலப்பொதியை வைத்துக்கொண்டு அந்தந்தக் கணினியிலேயே பொதியை (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டு) கட்டிக்கொள்கிறது. டெபியன், உபுண்டுவில் பழக்கம் டி.கே.எம்.எஸ். இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். அதன் உரிமமும் கெர்னலின் ஜி.பி.எல். உரிமமும் ஒத்துப்போகுமா என்ற விவாதம் தீராததால், டெபியன் அதை மூலமாக மட்டும் கொடுத்துப் பயனரின் கணினியில் கம்பைல் செய்யவைக்கிறது. உபுண்டுவோ 16.04 முதல் கம்பைல் செய்த மாட்யூலாகவே தருகிறது. நிரல் ஒன்றுதான், கட்டும் இடம் வேறு.

டி.கே.எம்.எஸ். மோசமான கருவி அல்ல. மடிக்கணினி வைத்திருப்பவருக்கு அது போதும். கம்பைல் தோற்றால் திரையைப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார், தேடிப் படித்துச் சரிசெய்துகொள்வார். இரசாயனக் கிடங்கின் மூலையில், திரைகூட எப்போதும் இணைக்கப்படாமல், மேலே குரோமியப் பொடி படிந்து கிடக்கும் பெட்டியில் அந்த ஆள் இல்லை. அங்கே கம்பைல் தோற்பது என்றால் யாருக்கும் தெரியாமல் தோற்பது. ஒவ்வொரு பெட்டியிலும் கம்பைலரும் கெர்னல் தலைப்புக் கோப்புகளும் இருக்கவேண்டும் என்பது கூடுதல் சுமை. ஆகவே தோல்வி நிகழத்தான் போகிறது என்றால், அது எங்கள் மேசையில் நிகழட்டும் என்று முடிவு செய்தோம். உபுண்டுவே என்விடியா டிரைவருக்கு இதைச் செய்கிறது: ஒவ்வொரு கெர்னல் எண்ணுக்கும் தனிப் பொதியாக, கம்பைல் செய்து கையொப்பமிட்ட மாட்யூல்களைக் கொடுக்கிறது. அதே அச்சில் எங்களுடையதை வார்த்தோம்.

இதற்கு முன்னால் உரிமத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. நிறுவனத்தின் மூலநிரலில் ஜி.பி.எல். என்று தெளிவாக இருந்தது. அதனால் திருத்தவும் கம்பைல் செய்து பிறருக்குத் தரவும் தடையில்லை. மூலத்தையும் கூடவே தரவேண்டும், தருகிறோம். ‘சொந்த உரிமம்’ என்று போட்டிருந்தால் இந்த ஆய்வு இந்தப் பத்தியிலேயே முடிந்திருக்கும்.

மூலநிரலில் செய்த திருத்தம் சில வரிகள்தான். கெர்னல் எண் 6.4 அல்லது அதற்கு மேல் என்றால் ஓர் அளவுரு, இல்லையென்றால் இரண்டு. இந்த எண் சோதனை உபுண்டுவில் செல்லும். ரெட் ஹேட் போன்றவை பழைய எண்ணை வைத்துக்கொண்டே புதிய மாற்றங்களை உள்ளே கொண்டுவருபவை என்பதால் அங்கே எண்ணை நம்ப முடியாது; சிறு சோதனை நிரலைக் கம்பைல் செய்து பார்த்து முடிவெடுக்கவேண்டும். என்விடியாவின் டிரைவர் அப்படித்தான் செய்கிறது. எங்களுக்கு ரெட் ஹேட் வாடிக்கையாளர் இல்லை, ஆகவே அந்த வேலையைச் செய்யவில்லை.

பொதியும் அதன் தலைப்பொதியும்

அமைப்பில் முக்கியமானது மாட்யூல் பொதி அல்ல, அதன்மேல் நிற்கும் தலைப்பொதி. கோப்பு எதுவும் இல்லாமல் சார்புகளை மட்டும் அறிவிக்கும் வெற்றுப் பொதி அது. ‘இந்தக் கெர்னல் எண், அதே எண்ணுக்கான இந்த மாட்யூல், இரண்டும் வேண்டும்’ என்று அது சொல்லும். ஆலைக் கணினிகளில் உபுண்டுவின் சொந்தக் கெர்னல் தலைப்பொதியை நீக்கிவிட்டு எங்களுடையதை வைத்தோம். உபுண்டுவில் புதிய கெர்னல் வரும்போது பொதியின் பெயரே மாறும். எண் பெயரின் பகுதி. எனவே தலைப்பொதி இழுக்காமல் புதிய கெர்னல் தானாக உள்ளே வராது. மற்றப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழக்கம்போல் உபுண்டுவிலிருந்தே வரும். கெர்னலும் மாட்யூலும் மட்டும் இனி ஒரே வாசலில், கைகோத்துத்தான் வரமுடியும்.

இதற்கு விலை உண்டு. கெர்னலில் பாதுகாப்புத் திருத்தம் வெளிவந்தால், நாங்கள் கம்பைல் செய்து, சோதித்து, தலைப்பொதியை நகர்த்தும்வரை ஆலைகள் பழையதில்தான் இருக்கும். ஒரு வாரம் நாங்கள் அசட்டையாக இருந்தால் அத்தனை ஆலைகளும் ஒரு வாரம் திறந்து கிடக்கும். கெர்னலைப் பூட்டிவைத்துவிட்டு மறந்துபோகும் பராமரிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். 2019-இல் போட்ட கெர்னலோடு இன்னும் ஓடும் பெட்டிகள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. அதற்கு டி.கே.எம்.எஸ். எவ்வளவோ மேல்.

சுமையைக் குறைக்க இன்னொன்றும் செய்தோம். பெரும்பாலான பெட்டிகளை முன்னேறும் வரிசையிலிருந்து இறக்கி 5.15-க்கே கொண்டுபோனோம். 22.04-க்கு வழக்கமான ஆதரவு 2027 வரை, அதுவரை 5.15-க்குத் திருத்தங்கள் வரும். எண் ஏறும்போதெல்லாம் மறு கம்பைல் வேண்டும்தான், ஆனால் உள் இடைமுகம் ஒரே தொடருக்குள் பெரிதாகப் புரளாது. பத்து வருடப் பழைய பெட்டிக்குப் புதிய வன்பொருள்களுக்கான கெர்னல் எதற்கு? நிறுவும்போது யாரும் கேட்காத கேள்வி. புதிதாக வாங்கிய ஒரு பெட்டியின் நெட்வொர்க் சிப் மட்டும் 5.15-இல் பிடிபடாததால் அதை 6.5-இலேயே விட்டோம்.

சோதனை மேசையில் உதிரி அட்டை ஒன்று நிரந்தரமாகச் செருகியிருக்கிறது. கம்பைல் முடிந்ததும் மெய்நிகர்க் கணினியில் ஏறுகிறதா என்று பார்ப்பது முதல் படி. அதில் அட்டை இல்லை, எனவே அது பாதிச் சோதனைதான். பிறகு நிஜ அட்டையின் ஒன்பது முனை இணைப்பியில் 2-ஆம் முனையையும் 3-ஆம் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, அனுப்பியது அப்படியே திரும்புகிறதா என்று எட்டு போர்ட்டிலும் பார்க்கிறோம். வேகம் தப்பாக இருந்தாலும் இந்தச் சோதனை தேறிவிடும், ஏனென்றால் அனுப்புவதும் பெறுவதும் ஒரே தப்பான கடிகாரம். அதனால் கடைசியாக ஒரு பழைய தராசை மாட்டி, உண்மையில் 9600-இல் எடை வருகிறதா என்று பார்க்காமல் எதுவும் வெளியே போவதில்லை.

நீலத் திரை

புதிய பெட்டியில், நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் துவங்கவிடும் ‘செக்யூர் பூட்’ இயக்கத்தில் இருந்தது. கையொப்பமில்லாத, அல்லது அறிமுகமில்லாத சாவியால் கையொப்பமிட்ட மாட்யூலை அப்போது கெர்னல் ஏற்காது. ‘சாவி நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும். டி.கே.எம்.எஸ். முறையில் உபுண்டு ஒவ்வொரு கணினியிலும் ஒரு சாவி இணையை உருவாக்கி அதைக்கொண்டு கையொப்பமிடும். இதில் எனக்கு ஓர் உறுத்தல் எப்போதும் உண்டு. கையொப்பமிடும் இரகசியச் சாவி அதே கணினியின் வட்டில்தான் கிடக்கிறது. நிர்வாகி உரிமையைப் பறித்துக்கொண்டவன் அதே சாவியால் தன் மாட்யூலுக்கும் கையொப்பமிட்டுக்கொள்ளலாம். மையமாகக் கட்டும்போது இரகசியச் சாவி எங்கள் அலமாரியை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. பொதுச் சாவியை மட்டும் ஆலைக் கணினிக்கு அறிமுகம் செய்தால் போதும்.

அந்த அறிமுகத்தைத் தொலைவிலிருந்து செய்ய முடியாது, செய்ய முடியக்கூடாது என்பதே அதன் நோக்கம். கட்டளை கொடுத்துக் கடவுச்சொல் ஒன்றை வைத்துவிட்டுக் கணினியை மறுபடி எழுப்பினால், இயங்குதளம் தொடங்குவதற்கு முன் ஒரு நீலத் திரை சில விநாடிகள் காத்திருக்கும். யாரும் விசையைத் தொடவில்லை என்றால் கோரிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு வழக்கம்போல் துவங்கிவிடும். கிடங்குப் பெட்டிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. சத்துவாச்சாரியிலிருந்து ஒரு மானிட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், பாய் காவலுக்கு நிற்க, சாவியைப் பதிவுசெய்தோம். ஒரு கணினிக்கு ஒரு முறை செய்தால் போதும்.

பென்டிரைவில் ஒரு களஞ்சியம்

பொதிகளை வைக்க எங்கள் சர்வரில் சிறு களஞ்சியம் ஒன்றை ‘ரெப்ரெப்ரோ’ என்ற கருவி கொண்டு அமைத்தோம். இதில் புதுமை ஏதுமில்லை. சொல்லவேண்டியது இணையமே இல்லாத ஆலைகளைப் பற்றித்தான். உற்பத்திக் கணினிகளை இணையத்தில் இணைக்கமாட்டோம் என்று சில முதலாளிகள் உறுதியாக இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது தப்பு என்று வாதிட எனக்கு மனமில்லை. அவர்களுக்குக் களஞ்சியத்தை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறோம். உபுண்டுவில் பொதிகளை நிறுவும் ஏ.பி.டி. கருவிக்குக் களஞ்சியம் இணையத்தில் இருந்தாலும் ஒரு கோப்புறையில் இருந்தாலும் ஒன்றுதான். பொதிகளின் பட்டியலில் ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்பு எண்ணும் இருக்கிறது, பட்டியலுக்கு எங்கள் கையொப்பம் இருக்கிறது. வழியில் யாராவது ஒரு கோப்பை மாற்றினால் நிறுவல் அங்கேயே நின்றுவிடும். பென்டிரைவ் எத்தனை கை மாறினாலும் கவலையில்லை. கெர்னல் பொதிகளையும் அதிலேயே வைக்கிறோம் என்பதால் பென்டிரைவ் முந்நூறு, நானூறு மெகாபைட் பிடிக்கும். இன்றைக்கு அது ஒரு அளவே இல்லை.

பொதியே தேவைப்படாத பாதி

இப்போது அந்த 1200-க்கு வருகிறேன். பொது டிரைவருக்கு இந்த அட்டையைப் பற்றித் தெரியாதது ஒன்றே ஒன்று, படிகத்தின் வேகம். அதைச் சொல்ல ஒரு பழைய கருவி இருக்கிறது: ‘செட்சீரியல்’. போர்ட்டின் அடிப்படை வேகம் 921600 என்று அதனிடம் ஒரு வரி கொடுத்தால், பொது டிரைவர் சரியாக வகுத்துக்கொள்ளும். பிறகு மென்பொருளில் 9600 என்றால் கம்பியிலும் 9600. துவக்கத்தின்போது இந்த வரியை எட்டு போர்ட்டுக்கும் ஓட்டும் சிறு சேவை ஒன்றை எழுதினோம். தராசும் பரப்பளவு இயந்திரமும் மட்டும் இருக்கும் ஆலைகளில் அட்டை நிறுவனத்தின் மாட்யூலையே நீக்கிவிட்டோம். அங்கே மாட்யூல் பொதி இல்லை, தலைப்பொதி இல்லை, சாவி இல்லை. உபுண்டுவின் கெர்னல் எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம்.

இவ்வளவு வேலையையும் செய்தபிறகு அதில் பாதி வேண்டாததாகப் போனது எங்கள் குழுவில் சிலருக்குக் கசந்தது. எனக்கு மகிழ்ச்சிதான். வெளி மாட்யூல் என்பது மாதாமாதம் வட்டி கேட்கும் கடன். சில ஆலைகளிலாவது அதை அடைத்துவிட்டோம். ஒரு அட்டைக்கு நிறுவனத்தின் டிரைவரைத் தேடுமுன் கெர்னலுக்குள் இருப்பது எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது. கழிவுநீர் ஓட்டமானிகள் உள்ள ஆலைகளில் இது செல்லாது. ஆர்.எஸ்.485-இல் அனுப்புவதும் பெறுவதும் ஒரே கம்பி இணையில். அனுப்பி முடித்த கணத்தில் அட்டை திசையை மாற்றவேண்டும், அதற்கான பதிவகம் (அட்டைக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு நினைவிடம்) எது என்று நிறுவனத்தின் மாட்யூலுக்குத்தான் தெரியும். அங்கே பொதி தொடர்கிறது.

6.8

அதே ஆண்டு முன்னேறும் வரிசை 6.8-க்கு நகர்ந்தது. எதிர்பார்த்தபடியே கம்பைல் தோற்றது. இந்த முறை காரணம் வேறு: 6.6-இல், சீரியல் போர்ட்டுகளைக் கையாளும் டி.டி.ஒய். அடுக்கின் எழுதும் செயற்கூறின் வகைகளை மாற்றியிருந்தார்கள். தோற்றது எங்கள் சர்வரில். தலைப்பொதி 6.5-லேயே நின்றது, அந்தப் புதிய பெட்டியும் 6.5-லேயே எழுந்தது, ஆலையில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் 6.5-க்கு உபுண்டுவின் திருத்தங்கள் அத்தோடு நின்றுவிடும் என்பதால் உட்கார்ந்து செய்யவேண்டியதாயிற்று. மூலநிரலில் இன்னொரு எண் சோதனையைச் சேர்த்து, துண்டுக் கம்பியும் பழைய தராசும் தேறியபிறகு தலைப்பொதியை நகர்த்தினோம்.

அட்டையின் அடையாள எண்ணையும் சரியான அடிப்படை வேகத்தையும் கெர்னலின் பொது டிரைவர் அட்டவணையில் சேர்க்கும் திருத்தம் தயாராக இருக்கிறது. அது ஏற்கப்பட்டால் செட்சீரியல் சேவையும் வேண்டாம். ஆர்.எஸ்.485 திசைமாற்றத்துக்கான பதிவக விவரங்களைத் தரும்படி அட்டை நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம். அதையும் உள்ளே சேர்த்துவிட்டால் தலைப்பொதியையே கலைத்துவிடலாம். பதில் இன்னும் வரவில்லை.